கடல் எங்கிட்டு என்று கேட்ட கண்டக்டர்

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை. பால்காரர் போயிருந்தார், பேப்பர்காரர் இன்னும் வரவில்லை. ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. எந்த வண்டி வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"எந்த பிளாக்கு, எந்த ஊடு?"

டிரைவர் செல்போனைப் பார்த்துச் சொன்னான். "பி பிளாக். முன்னூத்தி நாலு."

பேரை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வீட்டில் வயசானவர் ஒருத்தர்தான். கேட்டின் இரண்டு கதவையும் திறந்து விட்டேன். வண்டி உள்ளே போனது. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் ஒரு கார்க்காரர் ஹார்ன் அடித்தார். அவரையும் உள்ளே விட்டுவிட்டு மூடினேன். சவரிமுத்து கண்டக்டர் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

நான் ஏகாம்பரம். கோவில்பதாகையில் இந்த அடுக்குமாடிக்கு ஆள் குடிவந்த நாளிலிருந்து கேட்டில் இருக்கிறேன். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அச்சடிக்கிற தாளில் அவரைப் பற்றி ஏதாவது போடவேண்டும் என்று அவர் மருமகள் மெர்சியம்மா கேட்டார். "நீங்கதான் அய்யா மாமாகூட அதிகம் இருந்தீங்க." எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல சி பிளாக் டீச்சரம்மா எழுதுகிறார். "நீங்க பேசுறபடியே எழுதட்டுமா, திருத்தி எழுதட்டுமா?" என்று கேட்டார். "அவுரு பேசனதையும் நான் பேசனதையும் அப்படியே வையுங்க. மத்தத நல்லா எழுதுங்க" என்றேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருசம் அவர் இங்கே இருந்தார். அந்த நாலு வருசமும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குப் போகவேண்டும், பெண்சாதி கல்லறையை மூடின மணலைத் தள்ளிவிட்டு ஒரு மெழுகுவத்தி ஏற்றவேண்டும். அவர் போவதற்குத் திறக்கவேண்டிய கேட்டு இது. சாவி என் இடுப்பில் இருந்தது.

அவரை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆறடி உசரம், வெள்ளை வேட்டி, மேலே காக்கிச் சட்டை. வேலையை விட்டு எத்தனையோ வருசம் ஆகியும் காக்கிதான் போடுவார். பார்சல் கொண்டு வருகிறவர்கள் அவரைத்தான் வாட்ச்மேன் என்று நினைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

கொரோனா இரண்டாவது தடவை வந்து ஓய்ந்த நேரத்தில் மகன் ஜெரால்டு சார் அவரைக் கூட்டி வந்தார். வந்த மூன்றாம் நாள் கீழே இறங்கி என் கூண்டுப் பக்கம் நின்றார். நான் எழுந்து, "உக்காருங்க சார்" என்றேன்.

"சாரும் வேண்டாம் மோரும் வேண்டாம். கண்டக்டர்னு சொல்லும்வே. முப்பத்தோரு வருசம் அப்படித்தான் கூப்புட்டாக."

அப்போது வருகிறவர் பேரை எழுத ஒரு ரிஜிஸ்தர் இருந்தது. வருகிறவர்களையே எழுதச் சொல்வேன். பாதிப் பேர் கிறுக்கிவிட்டுப் போவார்கள். அவர் அதைப் பார்த்தார். மறுநாள் காலையில் ஒரு பேனாவோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் யார் வந்தது, எத்தனை மணிக்குப் போனது எல்லாமே அவர் கையெழுத்துதான். அசோசியேசன் செயலாளர் ஒரு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஏகாம்பரம், கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார். முத்து இல்லை சார், சவரிமுத்து என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவர் ஓடினது தூத்துக்குடியிலிருந்து கீழக்கரை போகிற ஒரு தனியார் பஸ்ஸில். கடலை ஒட்டியே போகும். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. செங்கல்பட்டைத் தாண்டி நான் பார்த்ததெல்லாம் திருப்பதி ஒன்றுதான், அதுவும் வேறே திக்கு. ஆனால் அந்த பஸ் எங்கெங்கே நிற்கும் என்று என்னைக் கேளுங்கள். கேட்டில் வேலை இல்லாத மத்தியான நேரமெல்லாம் அவர் அந்த பஸ்ஸை ஓட்டுவார். ஊர் பேர் சொல்வதோடு நிற்காது, அந்த ஊரில் பஸ்ஸின் தலைமேல் என்ன ஏறும் என்றும் சொல்வார்.

"தருவைக்குளத்துல மீன் கூடை. உள்ள ஏத்தாத, மேல ஏத்துன்னு தெனமும் சண்டை. வைப்பாறு வந்தா உப்பளத்துப் பொம்பளைக ஏறுவாக. பாதமெல்லாம் பாளம் பாளமா வெடிச்சிருக்கும், உக்கார எடம் குடுத்தாலும் கால ஊனித் தரையில வைக்க மாட்டாக. வேம்பாருல கருப்பட்டி, ஓலைப் பெட்டியில. சாயல்குடியில கரிமூட்டை. வேலிக்கருவைய வெட்டி மூட்டம் போட்டு எரிச்ச கரி. அது மேல ஏறுச்சுன்னா கீழ வெள்ளச் சட்டை போட்டவன் ஒருத்தன் தப்ப முடியாது. மூக்கையூருல கருவாடு. வாலிநோக்கம் விலக்குல மறுபடியும் உப்பு. கீழக்கரைல எறங்குறவன் கையில மட்டுந்தான் பொட்டி, ஏன்னா அவன் துபாய் போறவன்."

"ஏன் கண்டக்டரே, ஒரு ஊர்ல ஒரு வேலதானா?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டீரு. அங்கிட்டு எவனுக்கும் ஒரு வேலை கெடையாதுவே. மண்ணு ஒத்துக்கிட்டாத்தானே? பன்னெண்டு மாசத்தையும் பிச்சுப் பிச்சுத் திங்கணும். வெயில் நாள்ல உப்பளத்துல வாருவான். பதநீ நாள்ல அவனே பனை ஏறுவான். மழை நாள்ல மொளகாய் போடுவான், கரி எரிப்பான். கடலுக்குப் போறவன் மட்டுந்தான் கடலுக்குப் போவான். அவனும் கடலு விட்டாத்தான்."

குடிக்கிற தண்ணீர் கிணற்றிலும் உப்பு கரிக்குமாம். பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றில் ஊறுகிறதைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்களாம். ஒரு குடத்துக்கு அரை மணி நேரம். இங்கே தினமும் தண்ணி லாரி வருவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பங்களா கட்டி, தண்ணிக்கு மட்டும் எங்க ஊரு மாதிரியே இருக்கீகளே" என்பார்.

அவர் பஸ்ஸில் ஒரு சட்டம் இருந்தது. பீடி குடிக்கலாம், கோழி கொண்டு வரலாம், ஆனால் மழையைப் பற்றிப் பேசக்கூடாது. ஐப்பசியில் மழை இறங்கினால் மிளகாய் போட்டவன் சிரிப்பான். அதே மழையில் உப்பளத்துக்காரன் குவித்து வைத்த உப்பு கரைந்து ஓடும். இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருப்பார்கள். ஒருத்தன், "நல்லா ஊத்துது" என்பான். அடுத்தவன் சட்டையைப் பிடிப்பான். "மழையப் பத்தி என் பஸ்ல வாயத் தொறந்தா எறக்கி விட்ருவேன்னு சொல்லிருவேன்வே. பொதுவுல வச்சு சந்தோசப்படுறதுக்கு எங்க ஊர்ல ஒண்ணுமே கெடையாது." செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டிவியில் சொல்லும்போதெல்லாம், இங்கே ஒருத்தர் சந்தோசப்படுவதையும் ஒருத்தர் காரை மேட்டுக்கு ஏற்றுவதையும் பார்த்து, "இங்கயும் ஒரு போர்டு எழுதி வைக்கணும்" என்று சொல்வார்.

முதல் வருசம் ஐப்பசியில் ஒரு நாள் காலையில் வந்து நின்று மூக்கைத் தூக்கிக்கொண்டு, "வாடை வந்துட்டுவே" என்றார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பன்னிரண்டு மணி நேர டூட்டி, ஒரே யூனிபாரம். சட்டையை இழுத்து மோந்து பார்த்தேன்.

"இன்னா கண்டக்டரே, என் மேலயா? நேத்துதான் தோச்சேன்."

அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஏ கூமுட்ட மனுசா! வாடைன்னா வடக்க இருந்து வர்ற காத்து. நாத்தம் இல்லவே." எனக்கு வாடை என்றால் கவிச்சி வாடை, சாக்கடை வாடை. அவருக்கு அது காற்றின் பேர். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிப்பது கச்சான். கச்சான் மணலைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டும். ஐப்பசியில் வாடை திரும்பினால் மணல் அடங்கும். வாடை வந்த சில நாளில் கல்லறைத் திருநாள் வரும். எல்லாரும் மண்வெட்டியோடு போய், கச்சான் மூடிவைத்த கல்லறைகளைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து மெழுகுவத்தி வைப்பார்கள். வருசா வருசம் தோண்டினால்தான் சிலுவை கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று வருசம் விட்டால் மணல்மேடுதான். அதற்குக் கீழே யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அவர் பெண்சாதி ரோசம்மா செத்தது அந்த ஊரடங்கில். மகன் வர முடியவில்லை. ஊர்க்காரர்களும் கிட்டே வரவில்லை. குழி வெட்டுகிறவரும் இவரும்தான் அடக்கம் செய்தார்கள். சிமெண்டுச் சிலுவை செய்யக் கடை இல்லாமல் ஒரு மரச் சிலுவையை நட்டுவிட்டு வந்தார். அதோடு மகன் இங்கே அழைத்து வந்துவிட்டார். அவர் சிரிப்பு நின்ற பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த வருசக் கச்சான் ஒண்ணு போயிட்டுது. அந்தச் சிலுவை இன்னும் ரெண்டு தாங்கும்."

அவரை ஏன் உள்ளேயே வைத்திருந்தார்கள் என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்த வருசம் கார்த்திகையில் ஒரு நாள் நடந்தே ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, படியில் நின்றுகொண்டு, "வைப்பாறு, வைப்பாறு எறங்கு" என்று கூவியிருக்கிறார். பூந்தமல்லியில் எல்லாரும் இறங்கின பிறகும் இறங்கவில்லை. அந்த பஸ் கண்டக்டர் நல்ல மனுசன். டீ வாங்கிக் கொடுத்து, சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பார்த்து மகனுக்குப் போன் போட்டார். சாயங்காலம் ஜெரால்டு சார் அவரைக் காரிலிருந்து இறக்கி, வீடு வரைக்கும் பிடித்த கையை விடவில்லை.

மறுநாள் செக்யூரிட்டி குரூப்பில் ஒரு படம் வந்தது. எழுத்து எனக்கு எதற்கு, படம் போதும். காக்கிச் சட்டையில் கண்டக்டர். அதற்கு முன்னால் அந்த குரூப்பில் வந்த படம் சைக்கிள் திருடினவன் படம். திருடனை உள்ளே விடக்கூடாது, இவரை வெளியே விடக்கூடாது.

அன்றிலிருந்து அவர் கேட்டுப் பக்கம் நகர்ந்தால் நான், "மேல ஒரு போன் போட்டுக்கறேன் கண்டக்டரே" என்பேன். "வேண்டாம்வே, அவன் வேலையா இருப்பான்" என்று திரும்பிவிடுவார். ஒரே ஒரு நாள்தான் கோபமாகச் சொன்னார். "கூட்டத்துல நின்னுக்கிட்டே போகலாம், அது பயணம். எடம் இருக்கப்பவே நிக்க வச்சா அது தண்டனை." சொல்லிவிட்டு நோட்டை எடுத்து, அப்போது வந்த பிளம்பர் பேரை எழுதினார்.

மூன்றாவது வருசம் வாடை திரும்பினபோது மெர்சியம்மா மூக்கில் துணியோடு கேட்டுக்கு வந்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். "அய்யா, அந்தக் கழிவுத் தண்ணி மோட்டார் ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா? மாமா நாலு நாளா வாடை வந்துட்டு, வாடை வந்துட்டுன்னு அதையே சொல்றாரு. பினாயில் ஊத்திக் கழுவிட்டேன். மீன் வாங்குறதையும் நிறுத்திட்டேன். வடக்கு ஜன்னலைச் சாத்தி டேப்பு கூட ஒட்டிட்டேன். அப்பவும் சொல்றாருங்க."

"அம்மா, அது நாத்தம் இல்லம்மா. காத்து. அந்தக் காத்துக்காகத்தான் அவுரு வருசம் பூரா காத்துக்கினு கீறாரு. அந்த ஜன்னலத்தான் நீங்க சாத்திட்டீங்க." ரோசம்மா கல்லறையையும் சொன்னேன். மெர்சியம்மா அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மேலே போய் டேப்பைக் கிழிக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூணாவது மாடி ஜன்னல் திறந்தது தெரிந்தது. கண்டக்டர் வெளியே தலையை நீட்டி எனக்கு ஒரு விசில் அடித்தார்.

அன்றைக்கே மெர்சியம்மா புருசனிடம் பேசினார். அடுத்த வருசம் கண்டிப்பாகப் போகலாம் என்று மகன் சொன்னாராம். ஜெரால்டு சாரை யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அவர் பின்னால் என்னிடம் சொன்னதை, அவர் சம்மதத்தோடுதான் இங்கே சொல்கிறேன். "எங்கம்மாவுக்கு ஒரு புடி மண்ணு போடல நான். அந்த ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?" அவருக்கும் ஒரு கேட்டு இருந்தது. அதை யாரும் பூட்டவில்லை.

அடுத்த வருசம் வந்தது. அதுதான் போன ஐப்பசி. ஆபீசில் ஏதோ பெரிய வேலை என்று மறுபடியும் தள்ளிப்போனது. கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள் இருந்தது. நான் ஒரு முடிவுக்கு வந்து பூந்தமல்லி பாஷாவிடம் பேசினேன். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஆட்டோக்காரர்தான்.

"கெளாம்பாக்கம் இட்டுனு போயி, தூத்துக்குடி பஸ்ல குந்த வச்சி, கண்டக்டராண்ட சொல்லிட்டு வந்துடு பாஷா."

"இன்னா நைனா, உன் வேலைக்கு நீயே உலை வச்சிக்கிறியா?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ வா."

திருநாளுக்கு முதல் நாள் காலை பத்து மணி, ஆபீஸ் கார்கள் எல்லாம் போய்விட்டன. நான் சொல்லிவைத்தபடி கண்டக்டர் தேய்த்த காக்கிச் சட்டையோடு, கையில் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் மெழுகுவத்தி. சாலைக்கு எதிரே டீக்கடையில் பாஷா ஆட்டோவை நிறுத்தியிருந்தார். நான் சின்னக் கதவைத் திறந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு காலை வெளியே வைத்தார். அப்படியே நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஏகாம்பரம், கடல் எங்கிட்டுவே?"

நான் கையைக் காட்டினேன். "அப்டி. அம்பத்தூர் தாண்டி, பட்டணம் தாண்டி."

அவர் அந்தத் திக்கில் பார்த்தார். எதிர் அடுக்குமாடிதான் தெரிந்தது. "எங்க ஊர்ல கண்ணக் கட்டி விட்டாலும் கடல் எங்கிட்டுன்னு காலு சொல்லும். இங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

"பாஷா கீறான் கண்டக்டரே. பஸ்ல ஏத்தி உட்ருவான்."

"ஏத்தி விடுவாரு. எறங்கணுமே. எங்கயாவது எறங்கிருவேன்வே. நான் தொலைஞ்சா உமக்குச் சோறு போயிரும், அவனுக்கு உறக்கம் போயிரும்." வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். "பூட்டும்."

பூட்டினேன். சாவி திரும்பினபோது என் நெஞ்சுக்குள் அப்பாடா என்று இருந்தது. இந்த வயசில் இந்த வேலை போனால் எனக்கு வேறே கேட்டு கிடையாது. மூன்று நாளாக இருந்த அந்தப் பயம் இறங்கிப் போனது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதக் கூடாது என்று டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் தலையில எல்லாம் நழுவுதுவே. உம்ம தலையில எதுவும் நழுவாது. ஒண்ணு தாரேன், வச்சிக்கிடும். கல்லறைத் தோட்டத்துல கடல் பக்கத்து மதிலு ஒரு எடத்துல ஒடஞ்சிருக்கும். அந்த ஒடசல்ல முதுக வச்சி நின்னா நேர் எதுக்க ஒரு மொட்டைப் பனை. அதப் பாத்துக்கிட்டே இருவத்திரெண்டு எட்டு வைக்கணும். அவ கால்மாட்டுல ஒரு சங்கு பொதைச்சிருக்கேன். மரச் சிலுவை உளுத்துப் போனாலும் சங்கு கெடக்கும்."

அதற்கப்புறம் கீழே வருவது குறைந்தது. ரிஜிஸ்தரை எடுத்துவிட்டுச் செல்போனில் பதிகிற முறை வந்துவிட்டதால் அவருக்கும் வேலை இல்லாமல் போனது. தையில் ஒரு தடவை விழுந்தார். ஆடியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஐஸ் பெட்டி வந்த அன்று ஜெரால்டு சார் கீழே வந்து, கண்டக்டர் உட்காருகிற அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா பக்கத்துல வைக்கணும்னு நெனைக்கிறேன். ஊர்க் கோயில்ல பேசினேன். எல்லாம் மணலா கெடக்குதாம். அன்னைக்குக் குழி வெட்டுனவரும் போயிட்டாராம். அம்மா எங்க இருக்காங்கன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல."

"நான் கீறேன் தம்பி" என்றேன். அதுவரை நான் அவரைத் தம்பி என்று சொன்னதில்லை.

நான் சொல்ல அவர் செல்போனில் பதிந்துகொண்டார். கூட வரச் சொன்னார். மாற்று ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் கண்டக்டர் வண்டியில் கிளம்பினார். மேலே போன் போடாமல் திறந்து விட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெர்சியம்மா கூப்பிட்டார். போனில் ஒரே இரைச்சல், கச்சான். "அய்யா, ஒடசல் இருக்குது, பனை இருக்குது. இருபத்திரண்டு எட்டு வெச்சுத் தோண்டியாச்சு. இடுப்பு ஆழம் போயிட்டாங்க, ஒண்ணுமே இல்லைங்க. சாமியார் காத்துட்டிருக்காரு. வேற எடத்துல வெச்சுரலாங்கறாங்க."

"எட்டு வெச்சது யாரும்மா?"

"இவருதானுங்க."

ஜெரால்டு சார் அம்மா ஜாடை என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். உசரமும் அம்மாதான். கண்டக்டர் கேட்டிலிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் தினமும் நடப்பார். கீழே பதித்த சதுரக் கல்லில் அவர் எட்டு ஒன்றுக்கு இரண்டரைக் கல். மகன் கார் எடுக்கப் போவதும் அதே கல்மேல்தான். அவருக்கு இரண்டு கல்தான் வரும். போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போய், அந்தக் கல் மேல் அப்பா நடையில் இருபத்திரண்டு நடந்தேன். திரும்பி வந்து மகன் நடையில் நடந்தேன். அதற்குள் தண்ணி லாரிக்காரன் வந்து ஹார்ன் மேல் ஹார்ன் அடித்தான். "யோவ் பெர்சு, இன்னா நொண்டி ஆடினு கீற? கேட்ட தொற!" என்று கத்தினான். திறக்கவில்லை. இந்த வேலையில் நான் வேண்டுமென்றே ஒரு வண்டியைக் காக்க வைத்தது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, அது அவுரு எட்டு இல்ல. இன்னும் அஞ்சு, ஆறு எட்டு பனைப் பக்கமாப் போகச் சொல்லுங்க."

போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார் போல. காற்றுச் சத்தம், மண்வெட்டிச் சத்தம், யாரோ யாரையோ தள்ளி நிற்கச் சொல்லுகிற சத்தம். ரொம்ப நேரம். பிறகு ஒரு ஆள், "ஏ, சங்கு! சங்கு கெடக்குடே!" என்று கூவினார். மெர்சியம்மா அழுதார். நான் போனை வைத்துவிட்டு லாரிக்குத் திறந்தேன்.

இப்போது அங்கே இரண்டு சிமெண்டுச் சிலுவை நிற்கிறது. படம் காட்டினார்கள். வருகிற கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு போக டிக்கெட் போட்டிருப்பதாக ஜெரால்டு சார் சொன்னார். அந்த இடம் இனி அவர்கள் பொறுப்பு, என் தலையில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

நான் வைத்திருப்பது வேறே. அன்றைக்குச் சாவியைத் திருப்பினபோது என் முகத்தில் வந்த நிம்மதியை அவர் பார்த்தார். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை முப்பத்தோரு வருசம் கூட்டத்தில் கண்டுபிடித்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெண்சாதி இருக்கிற இடத்தை என்னிடம் கொடுத்தார்.